சரியாகப் போட்ட கேள்விகளில் ஒளிந்திருந்த தவறு: மார்த்தாண்டத்தில் ஒரு மாணவியின் 22 மாக் டெஸ்ட்டுகள்

2023 ஆகஸ்ட் 27, ஞாயிறு. ஓணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. நேந்திரன் குலை வாங்க வந்த கூட்டத்தில் மார்த்தாண்டத்தில் பஸ் நகரவே இல்லை. மேம்பாலத்தை ஒட்டிய மாடியில் நான் வங்கித் தேர்வுக்கு வகுப்பு எடுக்கும் அறைக்கு அவள் அரை மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தாள். ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேர எழுதும் கேட் (CAT) நுழைவுத் தேர்வுக்காக மாக், அதாவது மாதிரித் தேர்வு, எழுதிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து 192 பக்க நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எர்ரர் நோட்டு சார். 14 மாக் எளுதியாச்சு. தப்பான ஒண்ணையும் விடல்ல, எல்லாத்துக்கும் சொல்யூஷன் எளுதியிருக்கேன். மார்க்குதான் ஏறல்ல."

புரட்டிப் பார்த்தேன். கேள்வி நீல மையில், தீர்வு பச்சையில், சூத்திரம் சிவப்பில் கட்டம் கட்டி. எந்த ஆசிரியரும் மெச்சுகிற நோட்டு. அப்படி ஒரு நோட்டு வைக்கச் சொன்னவனே நான்தான். பத்து வருடமாக எல்லோருக்கும் அதைத்தான் சொல்லி வந்தேன். அந்த 14 மாக்குகளில் அவள் மதிப்பெண் 198-க்கு 39-லிருந்து 52-க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. முதல் மாக்கில் 44, பதினான்காவதில் 46.

அந்த ஞாயிறிலிருந்து நவம்பர் 26 வரை நடந்ததை எழுதுகிறேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்; பெயர் வேண்டாம் என்றாள், விட்டுவிட்டேன்.

பின்னணி

குலசேகரம் பக்கம் ஒரு ஊர். அப்பா ரப்பர் பால்வெட்டு. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், வெயில் ஏறும்போது பாலெடுத்துத் திரும்புகிறவர். இவள் பி.காம். முடித்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்குப் பிரிவில் இருந்தாள். காலை 9.30 முதல் மாலை 6.30 வரை வேலை, போகவர இரண்டு மணி நேரம் பஸ். 2022-இல் ஒரு தடவை கேட் எழுதி 68 பெர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் 68 சதவீதம் பேரை முந்திய இடம், வாங்கியிருந்தாள்.

(இன்ஜினியரிங் படித்தவர்கள் எழுதும் தேர்வும் தமிழில் 'கேட்'தான், ஐஐஎம் நுழைவுத் தேர்வும் 'கேட்'தான். இவள் வீட்டில் ஒரு மாமா ஆறு மாதமாக இவளை இன்ஜினியர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம்.)

தேர்வின் அமைப்பைச் சொன்னால்தான் மீதி விளங்கும். 2020-லிருந்து மொத்தம் 2 மணி நேரம். ஆங்கிலம், செட் எனப்படும் தரவு மற்றும் தர்க்கப் பகுதி, கணக்கு என மூன்று பகுதி; ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியில் மிச்சம் பிடித்த நேரத்தை அடுத்ததற்குக் கொண்டுபோக முடியாது. 2022-இலும் 2023-இலும் 24, 20, 22 என 66 கேள்விகள். சரிக்கு 3 மார்க், தவறுக்கு 1 மைனஸ். விருப்பங்கள் தராமல் விடையை நாமே தட்டச்சு செய்யச் சொல்லும் கேள்விகளுக்கு மைனஸ் கிடையாது. மூன்று அமர்வாக நடத்துவதால் வாங்கிய மார்க் அப்படியே நிற்காது. அமர்வுகளுக்கு இடையே சமன் செய்து, அதிலிருந்து பெர்சென்டைல் வரும். அதாவது 66-ஐயும் தொட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. எதைத் தொடுவது, எதை விடுவது என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். இதை அவளும் அறிவாள், நானும் அறிவேன். ஆனால் நோட்டில் அந்த அறிவுக்கு இடமே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

14-ஆம் மாக்கைப் பிரித்தோம்

மாக் நடத்தும் தளங்கள் தேர்வு முடிந்ததும் ஒரு பக்கம் காட்டும்: எந்தக் கேள்வியில் எத்தனை வினாடி இருந்தோம், எந்த வரிசையில் போனோம் என்று. 14 மாக்கிலும் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. அவள் பார்த்தது விடைப் பக்கம் மட்டும். அதிலும் சிவப்புக் குறி போட்டவை மட்டும்.

46 என்பது ஆங்கிலத்தில் 13, செட்டில் 16, கணக்கில் 17. நான் செட் பகுதியை முதலில் எடுத்தேன்.

செட் என்பது ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்விக் கொத்து. நான்கு செட், ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்வி. அவள் திரையில் வந்த வரிசையிலேயே போயிருந்தாள். முதல் செட்டில் 17 நிமிடம் இருந்து 4 கேள்வி சரி. இரண்டாவதில் 14 நிமிடம்: 2 சரி, 1 தவறு. மூன்றாவதில் 9 நிமிடம் முட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் இரண்டு விடையை அடித்துவிட்டிருந்தாள், இரண்டும் தவறு. ஆக 6 சரிக்கு 18. மூன்று தவறில் ஒன்று தட்டச்சுக் கேள்வி, அதற்கு மைனஸ் இல்லை. மற்ற இரண்டுக்கு 2 போக 16. நான்காவது செட்டைத் திறக்கவே இல்லை.

"இதை இங்கயே போடு பாப்போம்" என்று நான்காவது செட்டைக் கொடுத்தேன். ஐந்து பேர், ஐந்து வீடு, ஐந்து நிறம் என்கிற மாதிரியான எளிய வரிசைக் கணக்கு. 9 நிமிடத்தில் ஐந்தையும் சரியாகப் போட்டாள். போட்டுவிட்டு அவளே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

நோட்டை எடுத்து 14-ஆம் மாக்கின் பக்கங்களைப் பார்த்தோம். செட் பகுதியின் கீழ் மூன்று தவறுக்கும் அழகான தீர்வுகள். நான்காவது செட் பற்றி ஒரு வரி கிடையாது. அது தவறில்லையே, தொடாததுதானே. முதல் செட்டும் நோட்டில் இல்லை. நாலு கேள்வி சரியாயிற்றே. 15 மார்க்கைத் தின்ற முடிவு, பச்சைக் குறி போட்ட அந்த முதல் செட்டில் கிடந்தது. 17 நிமிடம் கொடுத்து 12 மார்க் வாங்கியதில் அவளுக்குப் பெருமைகூட இருந்திருக்கிறது.

கணக்கிலும் இதே கதை. 22 கேள்விக்கு 40 நிமிடம் என்றால் ஒன்றுக்குச் சராசரியாக 1 நிமிடம் 49 வினாடி. அவள் சரியாகப் போட்ட ஏழில் இரண்டு, ஒன்று வேலையும் காலமும், இன்னொன்று மடக்கை, முறையே 5 நிமிடம் 40 வினாடியும் 6 நிமிடம் 10 வினாடியும் எடுத்திருந்தன. கிட்டத்தட்ட 12 நிமிடம், 6 மார்க். கடைசி ஐந்து கேள்விகளைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அதில் மூன்றை என் முன்னால் 7 நிமிடத்துக்குள் முடித்தாள்.

அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவருக்கு கேட் என்ன என்று முழுசாகத் தெரியாது. மரம் எண்ணித்தான் அவருக்குக் கூலி. "பதினாலு மரம் வெட்டியாச்சு, செரி. சிரட்டையில என்ன கெடக்கு?" என்று கேட்டாராம். அடுத்த வாரம் அதை அவள் சொல்லிச் சிரித்தபோது, நான் பத்து வருடமாகச் சொல்லிக்கொடுத்ததை நினைத்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விடை பார்க்காமல் மறுபடி

மூன்று ஞாயிறு மாக் கிடையாது என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாரும் அம்பது மாக் எளுதுறாங்க சார், நான் மட்டும் நிறுத்துனா எப்படி?" சரி, நிறுத்த வேண்டாம், பழையதையே எழுது என்றேன். அதற்கும் முகம் சுளித்தாள். ஒரு தடவை பார்த்த வினாத்தாளில் என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

செய்தது இதுதான். ஒரு மாக்கை எழுதியதும் விடைப் பக்கத்தைத் திறக்காமல், கடிகாரம் இல்லாமல், 66 கேள்வியையும் மறுபடி போட வேண்டும். எத்தனை நாள் ஆனாலும் சரி. அதற்குப் பிறகுதான் விடை. முதல் தடவை விட்டு இரண்டாம் தடவை வந்தது என்றால் பாடம் தெரிகிறது, தேர்வறையில்தான் ஏதோ நடக்கிறது. இரண்டு தடவையும் வரவில்லை என்றால் பாடமே தெரியவில்லை. போய்ப் படிக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்காமல் விடையை உடனே பார்த்துவிட்டால் எல்லாமே 'ஓ, இதுதானா' என்றுதான் தோன்றும்.

14-ஆம் மாக்கை அப்படிப் போட்டபோது 46 என்பது 94 ஆனது. விடைப் பக்கத்தில் அதற்கு முன் அவள் பார்த்தது தவறானவற்றின் தீர்வுகளை மட்டும்தான் என்பதால் இந்த எண்ணைக் கொஞ்சம் நம்பலாம். 48 மார்க் பாடத்தில் இல்லை, முடிவுகளில் இருந்தது. அவளுக்கு இது ஆறுதல். எனக்கு இன்னொரு தலைவலி, ஏனென்றால் பாடம் நடத்த எனக்குத் தெரியும். முடிவெடுக்க எப்படி நடத்துவது?

தீர்வைப் படிப்பது ஏன் படித்த மாதிரி ஏமாற்றுகிறது என்பதற்கு ஆராய்ச்சி உண்டு. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்டது. மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து ஒரு குழுவை நான்கு தடவை படிக்கவைத்தார்கள். இன்னொரு குழு ஒரு தடவை படித்து, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழு 83 சதவீதம் சொன்னது, எழுதிப் பார்த்த குழு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்த குழு 40-க்கு இறங்கிவிட்டது, எழுதிய குழு 61-இல் நின்றது. பச்சை மையில் தீர்வு எழுதும் இரவில் எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பது அந்த 83. அடுத்த ஞாயிறு கைவிடுவது அந்த 40.

ஆனால் இதை முழுசாக இங்கே பொருத்த எனக்குத் தயக்கம் உண்டு. அந்த ஆய்வில் படித்த அதே பத்தியைத்தான் திரும்பக் கேட்டார்கள். கேட்டில் போன வருடக் கேள்வி திரும்ப வராது. இதைவிட எனக்குப் பொருத்தமாகப் படுவது ரோரர், டெய்லர் 2007-இல் வெளியிட்ட கணிதப் பயிற்சி ஆய்வு. கன உருவங்களின் கன அளவு காணும் கணக்குகளை ஒரு குழு வகை வகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தது, இன்னொரு குழு கலந்து கட்டிச் செய்தது. பயிற்சியின்போது வகைப்படுத்திய குழு 89 சதவீதம் சரி, கலந்த குழு 60. ஒரு வாரம் கழித்த தேர்வில் முதல் குழு 20, கலந்த குழு 63. நம் ஊரில் எல்லோரும் புத்தகத்தில் சதவீதம் அத்தியாயத்தை முடித்துவிட்டு இலாப நட்டத்துக்குப் போகிறோம். அத்தியாயத் தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. மாக்கில் தலைப்பு இருக்காது. இவளும் "எல்லாம் தெரிஞ்ச கணக்குதான் சார், அங்க வந்தா ஓடல்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உ, ச, கு

செப்டம்பர் 24-க்குப் புது நோட்டு. ஒரு பக்கத்தில் நாலு பத்தி: கேள்வி எண், எடுத்த நேரம், ஏன் தொட்டேன் அல்லது ஏன் விட்டேன், அடுத்த தடவை இதே மாதிரி வந்தால் என்ன செய்வேன். தீர்வு எழுத இடமே வைக்கவில்லை. சரியான கேள்விக்கும் எழுத வேண்டும், தொடாததற்கும் எழுத வேண்டும்.

மூன்றாவது பத்தியில் முதல் வாரம் அவள் எழுதியதெல்லாம் 'ஈசின்னு நினைச்சேன்', 'கஷ்டம்னு நினைச்சேன்'. இது உதவாது. எதைப் பார்த்து ஈசி என்று நினைத்தாய் என்று கேட்டுக் கேட்டு, மூன்று வாரத்தில் 'அட்டவணை சின்னது, ஆனா நிபந்தனை ஒன்பது', 'எண்ணே இல்ல, எல்லாம் எழுத்து, அதனால பயந்தேன்' என்று எழுத ஆரம்பித்தாள். சின்ன அட்டவணையைக் கண்டால் உள்ளே போய்விடுவாள், நீளமான பத்தியைக் கண்டால் ஓடிவிடுவாள். இது அவளுடைய வழக்கம் என்று நோட்டு காட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வேறொருவருக்கு வழக்கம் வேறாக இருக்கும்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. விடை குறிக்கும்போதே ரஃப் தாளில் கேள்வி எண் பக்கத்தில் ஓர் எழுத்து: உறுதி என்றால் 'உ', இரண்டு விருப்பத்தில் தத்தளித்தால் 'ச', குருட்டாம்போக்கு என்றால் 'கு'. அரை வினாடி வேலைதான். தேர்வு முடிந்தால் இந்த எழுத்துகளை நினைவிலிருந்து போட முடியாது. விடை தெரிந்த மனசு 'எனக்கு அப்பவே தெரியும்' என்று பொய் சொல்லும்.

நான்கு விருப்பம், சரிக்கு 3, தவறுக்கு 1 மைனஸ். கண்ணை மூடிக் குறித்தால் நாலில் ஒன்று சரி: 3 வரவு, 3 செலவு, மிச்சம் பூஜ்யம். ஒரு விருப்பத்தைக் கழித்துவிட்டால் ஒரு கேள்விக்குச் சராசரி மூன்றில் ஒரு மார்க் லாபம். இரண்டைக் கழித்துவிட்டால் 1 மார்க் லாபம். அவளோ 'ச' வந்த கேள்விகளில் பாதியை மைனஸ் பயத்தில் விட்டுவிடுவாள். ஐந்து மாக்குகளுக்கு, தத்தளித்தாலும் குறிக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டோம். 31 'ச' கேள்விகளில் 17 சரி, 14 தவறு. 51-லிருந்து 14 போக 37 மார்க் லாபம். 19 'கு' கேள்விகளில் 4 சரி, 15 தவறு: மூன்று மார்க் நட்டம், அதாவது கணக்கு சொன்ன பூஜ்யத்தின் பக்கம்தான். அவள் பயந்தது 'ச'வைப் பார்த்து. பயப்பட வேண்டியதே அங்கே இல்லை. இதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். தன் கையால் போட்ட எழுத்தை எண்ணியபோது நம்பினாள்.

தட்டச்சுக் கேள்விகளில் மைனஸ் இல்லாததால் எதையாவது போட்டுவிடுவது என்பது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தேர்வுக்குத் தேர்வு கணக்கு மாறும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். எக்ஸ்ஏடி (XAT) என்கிற இன்னொரு மேலாண்மை நுழைவுத் தேர்வில் ஐந்து விருப்பம், தவறுக்கு கால் மைனஸ். எட்டுக்கு மேல் விட்டால் விடுகிற ஒவ்வொன்றுக்கும் தனியாக 0.10 போகும். கேட்டுக்குப் பழகிய கையோடு அங்கே போய் உட்காரக் கூடாது.

'உ' போட்டுத் தவறானவைதான் மிகவும் விலை உயர்ந்தவை. உறுதியாக நம்பித் தவறிய விடையைத் திருத்தினால் அது நன்றாக மனதில் பதிகிறது என்று பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் 2001-இல் காட்டியிருக்கிறார்கள். இவளுக்கும் அப்படித்தான் இருந்தது. வெட்கம் கலந்த பதிவு அது. மாக்குக்கு இரண்டு மூன்றுதான் அப்படி வரும்.

ஆங்கிலம், தமிழில்

ஆங்கிலப் பகுதியில் நேரம் பிரச்சினையில்லை. பத்தியைப் படித்து இரண்டு விருப்பத்துக்கு வந்துவிடுவாள், பிறகு தவறானதை எடுப்பாள். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். 'எனக்கு வொகாபுலரி பத்தல்ல' என்பது அவள் தீர்ப்பு. தினம் 20 வார்த்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொரு விருப்பத்தையும் ஏன் தள்ளினாய் என்று தமிழில் ஒரு வரி எழுது, ஆங்கிலத்தில் எழுதாதே என்றேன். ஆங்கிலத்தில் எழுதினால் பத்தியின் சொற்களையே மாற்றி மாற்றி எழுதி ஒப்பேற்றிவிடலாம். தமிழில் எழுத, புரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் விஷயம் தெரிந்தது. வார்த்தை அல்ல சிக்கல். ஒரு மாதிரி சொல்கிறேன். 'குளச்சலில் மீன் விலை ஏறியபோது சில குடும்பங்கள் வாரத்தில் இரண்டு நாள் கோழிக்கு மாறின' என்று ஒரு பத்தி சொல்கிறது என வைத்துக்கொள்வோம். ஒரு விருப்பம்: 'மீன் உடம்புக்கு நல்லது.' இன்னொன்று: 'விலை ஏறினால் மக்கள் மீனை விட்டுவிடுவார்கள்.' மூன்றாவது: 'விலை சில வீடுகளின் சாப்பாட்டுப் பழக்கத்தை ஓரளவு மாற்றியது.' முதலாவது உண்மைதான், ஆனால் பத்தியில் இல்லை. இரண்டாவது பத்தியிலிருந்து கிளம்பி அதைத் தாண்டிப் போய்விட்டது. மூன்றாவது சப்பென்று இருக்கும், அதுதான் விடை. அவள் முதலாவதில் விழுவதே இல்லை. எப்போதும் இரண்டாவதில்தான். 'சில' என்பதை 'எல்லாம்' ஆக்கிய விருப்பம் அவளுக்கு அறிவாளித்தனமாகத் தெரிந்தது. தள்ளிய காரணத்தில் 'பத்தி இவ்ளோ சொல்லல்ல' என்று எழுதத் தொடங்கிய பிறகு ஆங்கில மார்க்தான் முதலில் ஏறியது.

அக்டோபர்

ஏற்றம் நேராக இல்லை. 15-ஆம் மாக் 51. அக்டோபர் 1-இல் எழுதிய 16-ஆவது 38, அவள் எழுதியதிலேயே குறைவு. அழுதாள். கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நான்கு செட்டையும் படித்துப் பார்க்கவே 9 நிமிடம் செலவழித்திருந்தாள். கணக்கில் 'இது எனக்கானதில்லை' என்று எட்டைத் தாண்டி ஓடிவிட்டுத் திரும்பி வரவே இல்லை. என் தவறு. தேர்வு செய்யச் சொன்னேன், அதற்கு எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. செட் பகுதியில் முதல் 3 நிமிடம் நான்கையும் புரட்ட, எடுத்த செட்டில் 6 நிமிடத்தில் கட்டம் பாதியாவது நிரம்பாவிட்டால் வெளியே வர, கணக்கில் ஒன்றில் 3 நிமிடத்துக்கு மேல் நிற்காமலிருக்க என்று எல்லை வைத்தோம். இந்த எண்கள் அவள் நோட்டிலிருந்து வந்தவை: அவள் முடித்த செட்டுகளிலெல்லாம் ஆறாவது நிமிடத்தில் கட்டம் பாதி நிரம்பியிருந்தது, முடிக்காத எதிலும் நிரம்பவில்லை. வேறு யாரும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

17-ஆவது 55. 18-ஆவது 63. 19-ஆவது அக்டோபர் 22 அன்று. கணக்குப் பகுதியில் இடி மழையில் கரண்ட் போய், போனிலிருந்த நெட்டும் போய், பாதியில் நின்றது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 60, 68, கடைசி 22-ஆவது 71. ஒவ்வொரு இரண்டு மணி நேர மாக்குக்கும் அந்த வாரம் ஐந்து மணி நேரம் நோட்டு வேலை. கடை வேலை இருந்தவரை பாதி பஸ்ஸிலேயே நடந்தது.

தேர்வு

மாக்கெல்லாம் ஞாயிறு மதியம்தான் எழுதினாள். காலையில் சர்ச், ஆராதனை முடித்து, மீன்கறியும் மரச்சீனியும் சாப்பிட்டுவிட்டு வருவாள். நவம்பரில் ஹால் டிக்கெட் வந்தது: திருவனந்தபுரம், காலை 8.30 அமர்வு. அடுத்த ஞாயிறு தீபாவளி, என் அறை பூட்டு. மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு, நவம்பர் 19. அன்று சர்ச்சுக்குப் போகாமல் 8.30-க்கு எழுதினாள், அம்மாவுக்கு வருத்தம். எட்டு மாக்கில் ஒன்றுதான் தேர்வு நேரத்தில் எழுதியது. செப்டம்பரிலேயே மூன்று நேரத்திலும் மாற்றி மாற்றி எழுதவைத்திருக்க வேண்டும்.

26-ஆம் தேதி விடியும் முன் புறப்பட்டார்கள். "அப்பா எழும்புற நேரந்தானே சார், எங்க வீட்டுல அது ஒண்ணும் புதுசில்ல" என்றாள். செட் பகுதியில் முதல் மூன்று நிமிடத்தில் எதுவும் பிடிக்காமல் கை நடுங்கியதாம். பிறகு இரண்டு செட்டை எடுத்து முடித்தாள். மூன்றாவதை ஆறாவது நிமிடத்தில் விட்டுவிட்டு வந்தாள். "விட்டது சரியா தெரியல்ல. ஆனா தெரிஞ்சே விட்டேன்."

டிசம்பர் 17, 18-இல் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழை. ரயில் இல்லை, நெட் வருவதும் போவதும். 21-ஆம் தேதி முடிவு வந்தபோது அவள் ஊரில் சிக்னல் இல்லாமல், என் அறையிலிருந்து நான்தான் பார்த்துச் சொன்னேன். 91 பெர்சென்டைல். பெரிய ஐஐஎம்களுக்கு அது போதாது. வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்து, கல்விக் கடன் போட்டுச் சேர்ந்தாள்.

வேறு விளக்கங்கள்

68-லிருந்து 91 போனதற்கு நோட்டுதான் காரணம் என்று நான் சொன்னால் அது நேர்மையாகாது. ஒரே மாணவி, ஒப்பிட இன்னொருத்தி இல்லை. அக்டோபர் நடுவில் வேலையை விட்டுவிட்டாள். 18-ஆவதுக்குப் பிறகு அவளுக்கு நாளைக்கு ஒன்பது மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. இரண்டாம் தடவை எழுதுகிறவருக்குப் பயம் குறைந்திருக்கும். மாக்குக்கு மாக் கடினம் வேறு, அதனால் 71-ஐயும் 46-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் கொஞ்சம் பொய் உண்டு. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, வேலையை விடுவதற்கு முன்பே, 15 முதல் 18 வரையிலான நான்கு மாக்கில், செட் பகுதியில் திறக்காமல் விட்ட எளிய செட் ஒன்றுகூட இல்லை என்பதுதான். அதற்கு முந்தைய 14-இல் ஒன்பது தடவை அப்படி நடந்திருந்தது. பழைய பதிவுகளைத் தோண்டி எண்ணிப் பார்த்தோம்.

போகும்போது இரண்டு நோட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இந்த வருடம் களியக்காவிளையிலிருந்து வரும் ஒரு பையன் அவற்றைக் கேட்டான். இரண்டையும் கொடுத்தேன். மறுநாள் ஒன்றைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்திருந்தான், மூன்று மையில் எழுதிய பழையதை. மற்றதில் ஒண்ணும் இல்லையே சார், விடையே எழுதவில்லையே என்றான். அவன் நான்கு மாக் எழுதியிருக்கிறான். அந்த நான்கின் நேரப் பக்கத்தையும் பிரின்ட் எடுத்து வா மக்ளே என்று அனுப்பியிருக்கிறேன். ஞாயிறு மதியம் வருவான்.